இறக்கைக்கு ஓர் அறை

முழங்காலிட்டு, வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஈரத்துணியால் தரையை மூலையிலிருந்து மூலைக்கு இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார் தண்டபாணி, கதவு நிலையில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சுலோசனாவுக்கு அது யாருடைய முதுகு என்றே ஒரு கணம் விளங்கவில்லை, கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரின் கையில் ஒரு விளக்குமாற்றை அவள் கண்டதில்லை, சாப்பிட்ட தட்டை உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறவர், சிந்திய காபியின் மேல் அன்றைய பேப்பரைப் போட்டு மூடிவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொள்கிறவர், இப்போது சுவரும் தரையும் சேரும் இடுக்கில் விரலால் துணியை அழுத்தி அழுத்தித் துடைக்கிறார், துடைத்த துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், அழுக்கு இருந்தால் மறுபடி துடைக்கிறார், எல்லாம் ஒரு பொம்மை விமானத்துக்காக. பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்லவேண்டும், கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ரேடியோவால் ஓட்டுகிறது, நிஜ விமானத்தில் கால்வாசி, இறக்கையை விரித்தால் நம் ஹாலுக்குள் நுழையாது தெரியுமா என்று அவர் பெருமையாகச் சொன்ன அன்று, அப்புறம் எதுக்குங்க அது என்று அவள் கேட்டாள், உனக்குப் புரியாது சுலோ என்றார். அவளுக்குப் புரியாதவை என்று அவர் தள்ளி வைத்தவற்றை அடுக்கினால் இந்த வீட்டில் அவள் நிற்க இடம் இருக்காது.

விமானம் இன்னும் விமானமாகவில்லை, கார் ஷெட்டில் செங்கல் மேல் ஏற்றிய ஒரு நீளப்பெட்டிக்குள் குச்சியும் தகடுமாகப் படுத்திருந்தது, அதற்கு நிழல் வேண்டும் என்பதற்காகக் கார் வெயிலில் நின்றது, காலையில் பல் விளக்கியதும் அவர் ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார், ஆனால் திறக்கமாட்டார், முதலில் அறை தயாராக வேண்டும், தெர்மாகோல் மாதிரிக் கனமே இல்லாத மரமாம், காற்றில் ஈரம் இருந்தால் முறுக்கிக்கொள்ளுமாம், தூசி பட்டால் மேலே ஒட்டுகிற தாளில் கொப்புளம் வருமாம், மேசை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் இறக்கை கோணிக்கொண்டு வானத்தில் போய் நாய் மாதிரிச் சுற்றுமாம். பம்ப்செட் கம்பெனியில் பர்சேஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், போல்ட்டும் நட்டும் பேரம் பேசி வாங்கியே வாழ்க்கை போனது, இப்போது அந்தத் திறமையெல்லாம் இந்த அறையில் இறங்கியிருக்கிறது. அறை பிருந்தாவுடையது, அவர்களுடைய ஒரே மகள், கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போனவள், அவளுடைய கட்டிலைக் கழற்றிப் பலகை பலகையாக மொட்டைமாடிக் கொட்டகையில் போட்டாயிற்று, பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளைச் சாக்கில் கட்டியாயிற்று, சுவருக்கு அவரே வெள்ளையடித்தார், ஆளை விட்டால் பிசிறு பிசிறாக அடித்துவிடுவானாம், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார், புதிதாக ஏசி மாட்டினார், வேர்க்குருவில் முதுகெல்லாம் புண்ணாகி சுலோசனா சித்திரை வைகாசி என்று எத்தனை வருஷம் கேட்ட ஏசி, நம்ம ஊருக்கு எதுக்குப் புள்ள ஏசி, கோயமுத்தூர்க் காத்துக்கு மருதமலைச் சாமியே வந்து குடியிருக்கறாரு என்று சொல்லி மறுத்த ஏசி, பசை காய்வதற்காக வந்துவிட்டது.

இதே அறைதான், அப்போது ஓடு, ஐப்பசி மழை, பிருந்தாவைப் பெற்றுக் கோபியில் தாய்வீட்டில் இருந்துவிட்டுப் பச்சைக் குழந்தையோடு வருகிறாள் சுலோசனா, வருவதற்கு முன்னாலேயே ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள், பின்னறை ஒழுகுதுங்க, ஓடு மாத்திப் போடச் சொல்லுங்க, பிள்ளையை அங்கேதான் போடோணும் என்று, ஆகட்டும் என்று பதில் வந்தது, வந்து கதவைத் திறந்தால் கொடிக்கயிற்றில் துணி காய்கிற மாதிரிச் சின்னச் சின்ன இறக்கைகள் தொங்குகின்றன, வார்னிஷ் வாடை கண்ணைக் கரிக்கிறது, ஓடு மாற்றியிருந்தார்கள், மாற்றியது இறக்கை நனையாமல் இருக்க, ரெண்டு நாள்ல காஞ்சுரும் சுலோ, அது வரைக்கும் அடுப்படிக்குப் பக்கத்துல படுத்துக்க என்றார், முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை, குழந்தையைக்கூட ஒரு தரம் எட்டிப் பார்த்து மூக்கு உன்னைய மாதிரி என்று சொல்லிவிட்டு ஒரு இறக்கையைத் திருப்பிப் போடப் போனார், அந்த மழைக்காலம் முழுக்க வாடை போகவில்லை, ஒன்று காய்ந்தால் இன்னொன்று தொங்கியது, குழந்தைக்கு மூச்சு இழுத்தது, ராத்திரி ராத்திரியாகத் தோளில் போட்டு நடந்தாள், டாக்டர், வீட்டில யாராச்சும் பீடி குடிக்கறாங்களா என்று கேட்டபோது அவர் பக்கத்தில்தான் நின்றார், சேச்சே, நமக்குக் காபி தவிர ஒண்ணும் கெடையாதுங்க டாக்டர் என்று சிரித்தார், அந்தச் சிரிப்பை அவள் அன்றைக்கு மடித்து வைத்துக்கொண்டாள், இன்றுவரை அது கசங்கவில்லை. பிருந்தா இன்றும் கைப்பையில் இன்ஹேலர் வைத்திருக்கிறாள், பிறவியிலேயே வீசிங் என்றுதான் அவளுக்குத் தெரியும், அப்பா பேரைச் சொன்னால் அவள் முகம் மலரும், ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து நீலாம்பூருக்கு அப்பால் இருக்கிற தரிசுக் காட்டுக்குக் கூட்டிப்போவார், விமானம் விடுவார், திரும்பும்போது பன் வாங்கித் தருவார், மருந்து ஊட்டியவள் அம்மா, பன் வாங்கித் தந்தவர் அப்பா, எந்தக் குழந்தைக்கு யாரைப் பிடிக்கும் என்பதில் என்ன ஆச்சரியம்.

அந்தக் காட்டுக்குச் சுலோசனாவும் ஒருமுறை போயிருக்கிறாள், வற்புறுத்தி அழைத்துப் போனார், தொப்பி போட்ட, தொந்தி சரிந்த, மூட்டுவலித் தைலம் மணக்கிற ஆண்கள் கூட்டம், ஆளுக்கொரு பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார்கள், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒருவர் விமானத்தை இன்னொருவர் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், அவருடையது மேலே போனது, கொஞ்ச நேரம் கொசு மாதிரிக் கத்தியது, அப்புறம் மூக்கைக் கீழே போட்டுச் சோளக்காட்டில் குத்தியது, அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டு மௌனமாக நடந்து போனார்கள், ஒருவர் அவர் தோளில் கை போட்டார், இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக்கூட அவளுக்கு ஞாபகம், அவள் அப்பா செத்த அன்று பதினோரு மணி பஸ்ஸுக்கு வந்து மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பிப்போன மனிதர், சோளத்தட்டுக்கு நடுவே குந்தி ஒடிந்த குச்சிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கித் துண்டில் கட்டினார், அவள் காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள், சிரிப்பு வந்தது, வெளியே கேட்கக்கூடாதே என்றுதான்.

கடைசிக் கோட்டு வெள்ளையும் காய்ந்து, இரண்டு கட்டைக்கால்கள் மேல் ஒரு பழைய கதவைக் கிடத்தி மேசையாக்கி, ரசமட்டத்தை வைத்து அதற்குள் ஓடுகிற குமிழியை அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காலைநேரம் பிருந்தா போன் செய்தாள். ஏழாம் மாதம் கட்டுச்சோறு போட்டுப் பிரசவத்துக்கு அழைத்து வருவதாகத்தான் பேச்சு, அதற்கு இன்னும் நாள் இருந்தது, ஆனால் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும், படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாராம், ஈரோட்டு வீட்டில் படுக்கை மாடியில், மாமியாருக்கோ முழங்கால் ஆபரேஷன், நான் அங்க வந்தர்றேன்மா, மத்தியானத்துக்குள்ள அவரு கொண்டாந்து விட்டுருவாரு, கொஞ்சம் ரத்தம் பட்டுச்சும்மா, பயமா இருக்குது. வா சாமி, ஒண்ணும் ஆகாது, வா, என்று சொல்லி வைத்துவிட்டு அறைக்குள் போனாள், ஏனுங்க, பிருந்தா வர்றாளுங்க, டாக்டரு படி ஏறக்கூடாதுன்னுட்டாரு, இந்த மேசையை எடுத்துருங்க என்றாள். அவர் குமிழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, இன்னைக்கா என்றார், அடுத்த மாசந்தான வர்றதா இருந்துச்சு, நாளைக்கு மொதக் குச்சி ஒட்டலாம்னு இருந்தேன் என்றார். ரத்தம் பட்டிருக்குதுங்க என்றாள் அவள். இப்போது நிமிர்ந்தார், முகத்தில் கவலை வந்ததை அவள் பார்த்தாள், வந்த கவலை அப்படியே பர்சேஸ் மேனேஜர் முகமாக மாறுவதையும் பார்த்தாள், ஒண்ணு பண்ணலாம், அவ நம்ம ரூம்ல படுக்கட்டும், நீ ஹால்ல படுத்துக்க, நான் எப்படியும் இங்கதான வேலையா இருப்பேன், ஆருக்கும் சிரமமில்ல, என்றார். பசை வாடைங்க, அவளுக்கு ஆகாது. கதவச் சாத்திக்குவேன் சுலோ. அவ பொறந்தப்பவும் இப்படித்தான் சொன்னீங்க. எப்ப என்றார் அவர், உண்மையாகவே தெரியாமல் கேட்டார், அவருக்கு அந்த ஐப்பசி ஞாபகமே இல்லை, அவள் அத்தனை வருஷம் நெஞ்சுக்குள் அடைகாத்த ஒன்று அவருக்குள் ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, கத்தியிருக்கலாம், வாளித் தண்ணீரை அந்த மேசை மேல் கவிழ்த்திருக்கலாம், கத்துவதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டும், அவள் திரும்பி மாடிக்குப் போனாள்.

கொட்டகையில் கிடந்த கட்டிலைத் தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, பக்கச்சட்டம் என்று ஒவ்வொன்றாகத் தோளில் சாய்த்துப் படியிறக்கினாள், முழங்கை சிராய்த்தது, கீழே அவர் ஏதோ போனில் பேசுவது கேட்டது, அறை ரெடி, டேபிள் பக்கா லெவல், நாளைக்கு வந்து பாருங்க சார், என்று காட்டுக் கூட்டத்தில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், பலகைகளைப் பின்னறைக்கு வெளியே சுவரில் சாய்த்து வைத்தாள், இனி மேசையைத் தானே இழுத்துப் போட்டுவிடுவது என்று சேலையை இடுப்பில் இறுக்கினாள், அதற்குள் வாசலில் கார் சத்தம், மாப்பிள்ளை கௌதம் கதவைத் திறந்து பிடிக்கிறார், பிருந்தா வயிற்றின் கீழ் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு மெல்ல இறங்குகிறாள், உதடு வெளுத்திருக்கிறது, எங்கே படுக்கலாம் என்று தேடுகிற கண், நேராகத் தன் அறையை நோக்கி நடக்கிறாள், பழகிய கால் போகிறது, கண்ணு இரு, என்று சுலோசனா பின்னால் ஓடுகிறாள், அதற்குள் அவள் உள்ளே போய் நின்றுவிட்டாள்.

நின்றவள் அசையவில்லை. சுவரைப் பார்த்தாள், பால் மாதிரி வெள்ளை, தரையைப் பார்த்தாள், முகம் தெரிந்தது, ஜன்னலில் புது வலை, மேலே ஏசி சத்தமில்லாமல் ஓடுகிறது, சுவரோரம் நீளமாக ஒரு மேசை, வெளியே பூட்டக் காத்திருக்கிற கட்டில் பலகைகள், நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் சுண்ணாம்புப் பொட்டோடு அப்பா. அப்பா, இதெல்லாம் எனக்காகவா என்று கேட்டாள் பிருந்தா, கேட்டதும் அழத் தொடங்கினாள், காரில் ஈரோட்டிலிருந்து அடக்கி வைத்த பயம் முழுக்க அந்த அழுகையில் வந்தது, தூசின்னா எனக்கு ஆகாதுன்னு ஏசியெல்லாம் போட்டீங்களாப்பா, பாப்பாவக் குளிப்பாட்டித் தொடைக்கறதுக்கு மேசை வேற, நான் இன்னைக்கு வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும். மாமா, பின்னி எடுத்துட்டீங்க என்றார் மாப்பிள்ளை. தண்டபாணி மகளைப் பார்க்கவில்லை, மகளின் தோளுக்கு மேல் சுலோசனாவைப் பார்த்தார், அந்தப் பார்வையில் இருந்தது பயம், இவள் சொல்லிவிடுவாளோ என்கிற பயம், இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து அந்தக் கண்கள் ஒருநாளும் பயந்ததில்லை, உப்பு இல்லையென்றால் முறைக்கும், சட்டை தேய்க்கவில்லையென்றால் சலிக்கும், மற்ற நேரமெல்லாம் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்க்கும். ஒரு வார்த்தை போதும். ஷெட்ல போயி அந்தப் பெட்டியப் பாரு கண்ணு என்றால் போதும். சுலோசனா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள், ஆமா சாமி, என்றாள், ஒரு வாரமா உங்கப்பாவுக்கு இதே வேலைதான், ஆளக்கூட விடல, அவரே கையால வெள்ளையடிச்சாரு, காலைல மண்டி போட்டுத் தரை தொடைச்சாரு, துளி தூசி இருக்கக் கூடாதுன்னுட்டாரு. எல்லாம் நிஜம், ஒரு சொல் பொய்யில்லை, அவ்வளவு நிஜத்தையும் சேர்த்து அவள் அவரைச் சுற்றி ஒரு கம்பி வேலி கட்டினாள், கட்டி முடித்ததும், கட்டிலப் பூட்டுங்க, அவ நிக்கக் கூடாது, என்றாள். அவர் குனிந்து பலகையை எடுத்தார், ஸ்பேனரை எடுத்தார், மாப்பிள்ளை பிடித்துக்கொள்ளக் கட்டிலைப் பூட்டினார், கை பழக்கத்தில் ரசமட்டத்தை அதன் சட்டத்தில் வைத்துப் பார்த்தார், ஒரு பக்கம் காலுக்கடியில் அட்டை கொடுத்தார், பிருந்தா கண்ணீரோடு சிரித்தாள், கட்டிலுக்குக்கூட லெவல் பாக்கற அப்பா ஆருக்குக் கெடைக்கும், என்றாள்.

அப்புறம் மாதங்கள், வாளியின் சத்தத்தோடு விடிகிற மாதங்கள், ஏனென்றால் மகள் அப்பா தினமும் தரை துடைப்பார் என்று நம்பிவிட்டாள், அவரால் நிறுத்த முடியவில்லை, கட்டிலுக்கடியில் புகுந்து துடைக்கிறார், மகள் படுத்தபடியே மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்கிறாள், செவிலிக்குச் சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்குச் சொல்கிறாள், ஒவ்வொரு புகழ்ச்சியையும் அவர் கசாயம் குடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விழுங்குகிறார், சுலோசனா தன் பங்குக்கு ஒரு பிடி சேர்க்கிறாள், உங்கப்பா நேத்து கொசுவலைல ஒரு ஓட்டை பாத்துத் தைச்சாரு சாமி, என்று, அப்போது அவர் கழுத்து சிவப்பதை ஓரக்கண்ணால் பார்க்கிறாள், அந்தச் சுகத்துக்காகவே சொல்கிறாள். தொப்பிக்காரர்கள் இருவர் விசாரிக்க வந்தார்கள், பெட்டி எங்கே என்று கேட்க வந்தவர்கள், பிருந்தாவின் பேச்சைக் கேட்டுவிட்டு, தண்டபாணி சார், பேரப்பிள்ளைக்காகப் பிளேனையே தள்ளி வெச்சுட்டீங்களே, நாங்கெல்லாம் செய்வமா, என்று உருகிப் போனார்கள், சுலோசனா அவர்களுக்கு முறுக்கு வைத்தாள், அன்றைக்கு அவளுக்கு முறுக்கு மிக நன்றாக வந்திருந்தது. தை பிறந்ததும் குழந்தை பிறந்தது, பெண், தாயும் பிள்ளையும் சுகம், இந்தத் தரம் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார், பச்சைக் குழந்தையை முன்கையில் ஏந்தி, தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, மூச்சு விடுகிறதா என்று பார்த்தபடி ஜன்னலோரம் நின்றதைச் சுலோசனா பார்த்தாள், நன்றாகத்தான் பிடித்திருந்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, தெரியாத வேலை என்றால் மன்னிக்கலாம், இது தெரிந்திருக்கிறது, முப்பது வருஷம் முன்னாலும் தெரிந்திருக்கும். ஒரு சாயங்காலம் பிருந்தா தூங்கும்போது கொல்லைப்பக்கம் வந்து அவள் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார், நீ ஏன் அன்னைக்குச் சொல்லல சுலோ என்றார். எதைங்க என்றாள். உனக்குத் தெரியும் என்றார் அவர். அவள் ஒரு துணியை உதறினாள், அவளுக்கு அப்பன் வேணுமுங்க, அதனால சொல்லல, என்றாள், எனக்கொண்ணும் வேண்டியதில்லீங்க. அவர் உள்ளே போய்விட்டார், அவர் அழுதிருக்கலாம், அவள் போய்ப் பார்க்கவில்லை.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை வந்து மனைவியையும் மகளையும் அழைத்துப்போனார், கார் திருப்பத்தில் மறைந்தும் தண்டபாணி கேட்டில் கை வைத்தபடி நின்றார், சுலோசனா உள்ளே வந்து, இத்தனை வருஷம் நடைவழியில் கிடந்த தன் புடவை பீரோவைக் தோளால் தள்ளித் தள்ளிப் பின்னறைக்குள் கொண்டுபோனாள், தலையணையை மாற்றினாள், ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தாள். மத்தியானம் அவர் வாசற்படியில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை, பெட்டிய இங்க கொண்டாந்துரட்டுமா சுலோ, என்று கேட்டார், இந்த வீட்டில் எந்தப் பொருளையும் எங்கேயும் வைக்க அவர் அவளைக் கேட்டது இதுதான் முதல் தடவை என்பதை அவள் கவனித்தாள், கவனித்ததை முகத்தில் காட்டவில்லை. இல்லீங்க, இங்க நான் படுத்துக்கறேன். அவருக்கு விளங்கவில்லை, இன்னைக்கா என்றார். இனிமேலுக்குங்க. அப்ப பிளேனு? ஹால்ல வெச்சு ஒட்டிக்குங்க. ஹால்ல தூசியாச்சே, ஏசியும் இல்ல, மரம் முறுக்கிக்குமே. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டாள், அவர் எதிரே அப்படி உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை, முறுக்கிக்கட்டுமுங்க, என்றாள். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், வெள்ளைச் சுவரை, வலையை, மேலே ஓடுகிற ஏசியை, தான் செய்த ஒவ்வொன்றையும், உனக்கு எதுக்கு சுலோ தனியா ரூம், என்றார், கோபமாகக் கேட்கவில்லை, அறியாத பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார். உங்களுக்குப் புரியாதுங்க, என்று சொல்லிவிட்டு எழுந்து கதவைச் சாத்தினாள், தாழ் போடவேண்டுமா என்று யோசித்தாள், போட்டாள். ஏசியின் குளிர் முதுகில் இறங்கியது, படுத்தாள், பக்கத்தில் யாருமில்லாத கட்டிலில் இரண்டு கையையும் எட்டும் மட்டும் நீட்டிப் பார்த்தாள், வெளியே ஷெட்டிலிருந்து அவர் பெட்டியைத் தனியாக இழுத்துக்கொண்டு வருவது கேட்டது, படியில் இடித்தது, நின்றது, மறுபடி இழுபட்டது, ஹால் வாசலில் வந்து சிக்கிக்கொண்டது போலிருக்கிறது, சுலோ, இந்தப் பக்கம் ஒரு கை புடி, என்று கூப்பிட்டார், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டார், அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.